கொழுந்துக்காரி வேஷம்

ஜீப்பிலிருந்து இறங்கிய தங்கச்சியைத் தில்மாயா முதுகை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

சரிதாவேதான். வெயில் கண்ணாடி, கழுத்தில் பட்டுத் துண்டு, கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. கூடவே புருஷனும் மாமியாரும்.

குர்சியாங் மேட்டில், தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகத் தில்மாயா வேஷக்கடை போட்டிருந்தாள். சித்திரை பிறந்து குளிர் விட்டால் போதும், கல்கத்தாக்காரர்கள் வந்து குவிந்துவிடுவார்கள். கொழுந்து பறிக்கிறவள் மாதிரி உடுத்தி, கூடையை மாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். உடுத்திவிடுவது தில்மாயாவின் வேலை.

தில்மாயா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பாள். அதற்குள் சரிதா கண்ணாடியைக் கழற்றாமலே தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம்.

தில்மாயா எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்கத்தாவுக்குப் பார்லர் வேலைக்குப் போனவள் அங்கேயே ஒரு பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்று ஊரில் பேச்சு. மலையில் தனக்கு யாருமே இல்லை, தான் அநாதை என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தாளாம். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அம்மா அதை நம்பவே இல்லை. தில்மாயா பாதி நம்பினாள். ஒவ்வொரு சித்திரையிலும் வருகிற ஜீப்பையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள். என்றைக்காவது ஒரு நாள் வந்து, அக்கா, அதெல்லாம் சும்மா என்று சொல்லமாட்டாளா என்று ஏங்கினாள்.

மீதிப் பாதியையும் இப்போது நம்ப வேண்டியதாயிற்று.

"இவளுக்குக் கட்டி விடு அக்கா," என்றாள் மாமியார். "நல்லா இறுக்கிக் கட்டு. இல்லேன்னா போட்டோவுல மூட்டை மாதிரி தெரிவா."

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், பல்லுப் போன கிழவிகள்கூட. கூடப் பிறந்தவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சட்டை நாடாவைக் கட்டும்போது தங்கச்சியின் தோளில் கை பட்டது. தில்மாயா தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த தோள். இப்போது வேறு ஏதோ சோப்பு வாசனை அடித்தது.

கூடையை முதுகில் ஏற்றியதும் சரிதாவின் கை தானாக மேலே போய், கூடையைத் தாங்குகிற தலைப்பட்டையை நெற்றியிலிருந்து உச்சிப் பக்கமாக இழுத்துவிட்டது. மற்றவர்கள் நெற்றியிலேயே மாட்டிக்கொண்டு, ஐயோ கழுத்து போச்சே என்று கத்துவார்கள்.

மாமியார் கைதட்டினாள். "இங்க பாருங்களேன்! பொறந்ததுலேர்ந்து கூடை தூக்குனவ மாதிரியே நிக்கிறா. ஏம்மா, பேசாம உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிடட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சரிதாவும் சிரித்தாள். தில்மாயாவும் சிரித்து வைத்தாள். பாவி, இதற்கும் சிரிக்கிறாளே!

வருகிறவர்கள் பனிமலை பின்னால் தெரிகிற மாதிரி நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். அன்றைக்கு மலை பளிச்சென்று இருந்தது. அப்படி வாய்ப்பதே அபூர்வம். சரிதா என்னடாவென்றால் எதிர்ப்பக்கம் போய், சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

சரிவில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வருஷத்தின் முதல் கொழுந்து, யாரும் தலை நிமிரவில்லை. நடுவில், கூடையில் சிவப்புக் குடையைச் செருகிக்கொண்டு நின்றது அம்மா.

"அங்க என்ன இருக்கு, வெறும் செடி! மலை இந்தப் பக்கம்," என்றான் புருஷன்.

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு." சரிதா இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தாள். சிவப்புக் குடை அவள் தோளோரம் தெரிகிற வரை இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். "ம், இப்ப எடுங்க."

தில்மாயாவுக்குப் பொறுக்கவில்லை. பெற்றவள் கூப்பிடு தூரத்தில் நிற்கிறாள். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு குரல் கொடுத்தால் போதும், அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். ஆனால் அப்புறம் அந்த வீட்டில் இவள் பிழைப்பு என்ன ஆகும்? தில்மாயா திரும்பி, கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கும், எனக்கும்!" என்று குழந்தை குதித்தது.

"நேரமாச்சுடி, ஜீப்காரன் கத்துவான்," என்றாள் மாமியார்.

சரிதா அப்போதுதான் முதல் தடவையாகத் தில்மாயாவைப் பார்த்துப் பேசினாள். "இவளுக்கும் கட்டி விடுங்க."

ங்க. அதுவும் நேபாளியில் இல்லை, இந்தியில். வாடி போடி என்று வாயாடியவளுக்கு வந்த மரியாதையைப் பார்!

வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எடுத்த போட்டோவைக் காட்டுகிற சாக்கில் மாமியாரையும் புருஷனையும் சரிதா ஜீப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

தில்மாயா மண்டியிட்டு உட்கார்ந்து, குழந்தையின் இடுப்பில் துணியைச் சுற்றினாள். மூக்கு அப்படியே சரிதாவின் மூக்கு. தொட்டுப் பார்க்கத் துறுதுறுத்த விரலை மடக்கிக்கொண்டு முடிச்சைப் போட்டாள்.

குழந்தை சட்டென்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. காதில் வாயை வைத்தது. அந்தக் கல்கத்தா வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத நேபாளியில், துளியும் தட்டுத் தடுமாறாமல் சொன்னது.

"பெரியம்மா."

குழந்தை இன்னும் கழுத்தை விடவில்லை.

"சத்தமாக் கூப்பிடக் கூடாதாம். காதுக்குள்ளன்னா ஒரு தடவ கூப்பிட்டுக்கோன்னு அம்மா சொன்னாங்க."

ஜீப்காரன் ஹாரன் அடித்தான்.

கட்டி முடித்த முடிச்சைத் தில்மாயா அவிழ்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள்.