கடைசி எட்டு நிமிடம்

பனிமய மாதா மேல் ஆணையாக, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பதினான்காயிரம் கிலோமீட்டர். விமானம் எட்டே நிமிடத்தில் போய்விடும். வேகம் மாறியதே தவிர விதி மாறவில்லை: ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் வானத்தில் இருந்தவன்தான் கேப்டன் ஆகலாம். தூத்துக்குடி அமலதாசன் ஞாயிறு நீங்கலாகத் தினமும் ஒரு தடவை போய் ஒரு தடவை வந்து, பதினெட்டு வருஷமாகத் துணை விமானியாகவே நரைத்துப்போனான். "கேப்டனுக்குத்தான் பொண்ணு" என்று லூர்துசாமி சொல்லிவிட்டதால், அவர் மகள் ரெஜினாவும் கூடவே நரைத்தாள்.

அன்றைக்கு எட்டு நிமிடம்தான் பாக்கி. அப்பாவும் மகளும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாழாய்ப்போன காற்று பின்னாலிருந்து தள்ளிய தள்ளில், ஏழாவது நிமிடத்திலேயே ஓடுபாதை தெரிந்துவிட்டது. இறங்கினால் அமலதாசன் கணக்கில் ஒரு நிமிடம் குறையும். மைக்கைப் பிடித்து, "இறங்க ஒரு நிமிஷம் தாமதமாகும்" என்றான்.

"ஒரு நிமிஷமா! என்ன, விளையாடுதியளா?" என்று பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எகிறினார்.

ரெஜினா எழுந்து திரும்பினாள். "பதினெட்டு வருஷம் நான் உக்காந்திருக்கேன். ஒரு நிமிஷம் உக்காருங்க அண்ணாச்சி."

விமானம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கியது. லூர்துசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரிதான் கேப்டன் மாப்பிள்ளை" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த விமானம் தானாகவே பறப்பது; அந்த ஒரு சுற்றும் அதுவாகவே சுற்றியதுதான். அமலதாசன் முன்னால் இருந்த ஸ்டீயரிங், பயணிகளின் தைரியத்துக்காக ஒட்டிவைத்த வெறும் பிளாஸ்டிக்.