ஒழுகும் மெஷின்

வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறார் என் வீட்டுக்காரர். உள்ளே எங்கள் வாஷிங் மெஷின் பக்கெட்டுக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. ரிப்பேர் பார்க்கும் ஒவ்வொரு மெஷினிலும் தன் போன் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுகிறவர், இதில் மட்டும் ரிப்பேர் பார்க்காமலே ஒட்டிவைத்திருக்கிறார். "ஊரார் வீட்டு மெஷினெல்லாம் ஓடுது, நம்மது மட்டும் அழுவுது" என்கிறேன். "ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்டி." "கம்பெனியில இருந்தப்ப ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப நீங்கதானே முதலாளி, ஒருநாள் லீவு குடுத்துக்கக் கூடாதா?" இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறார். "தம்பி சொந்தமா கார் ஓட்டுறான், உன் தங்கச்சி வீட்டுலயே தைக்கிறா. இந்தத் தெருவுல எல்லாரும் முதலாளிதான். லீவு குடுக்கத்தான் ஆளில்ல." போன் அடிக்கிறது. "இதோ வந்துட்டேன் மேடம்." பக்கெட்டை நான் காலால் தள்ளியதில் தண்ணீர் தளும்பி வாசல்வரை ஓடுகிறது. வெயிலில் மின்னும் அந்த ஈரத்தைத் தாண்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்.

அந்த மேடம் வீட்டு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். திரும்பி வரவில்லை.

"மெஷினப் பாக்க வேற ஆளக் கூப்பிடட்டுமா அண்ணி?" என்கிறான் அவர் தம்பி. வேண்டாம் என்கிறேன். பக்கெட் நிரம்புகிறது. கொட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைக்கிறேன்.