நாகனோவுக்கு மூன்று பொட்டலங்கள்

கர்ட்டிஸ் அந்தப் போர்வையை மூன்றாவது முறையாக மடித்து அலமாரியிலேயே வைத்தான்.

கல்லாவுக்குப் பின்னால் நின்ற வெர்னா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தாள். கடைக்குள் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. வெளியே வெர்மான்ட் மலைச்சாலை முழுக்க மார்ச் மாதச் சேறு. அவனுடைய பூட்ஸ் தடம் வாசலிலிருந்து போர்வைகளுக்கும், அங்கிருந்து பொம்மைகளுக்கும், மறுபடி போர்வைகளுக்குமாகத் தரையெங்கும் போயிருந்தது.

மலைமேல் பனிச்சறுக்கு லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிறவன். ஜப்பானுக்குப் போகிறானாம். நாகனோ பக்கம் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கல். வீட்டில் ஒரு பெரியவர், அவர் மனைவி, பள்ளி விடுமுறைக்கு வரும் ஒன்பது வயதுப் பேத்தி. வெறுங்கையோடு போக முடியாது.

இதில் வெர்னாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடைதோறும் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள வீடுகளில் தங்குகிறார்கள். போகும் முன் பாதிப் பேர் அவள் கடையில்தான் வந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒப்பிப்பதையே இவனிடமும் ஒப்பித்தாள். எதையும் நாலு என்ற எண்ணிக்கையில் கொடுக்காதே, அங்கே அது சாவைக் குறிக்கும். கத்தி கொடுக்காதே. விலை உயர்ந்ததாகக் கொடுத்து அவர்களைத் திண்டாட விடாதே. பதிலுக்கு அவர்களும் ஏதாவது செய்தாக வேண்டும். உள்ளே இருப்பது எதுவானாலும், மேலே சுற்றிய தாள் கசங்கியிருக்கக் கூடாது.

பெரியவருக்குச் சின்னப் புட்டியில் மேப்பிள் சிரப். அவர் மனைவிக்குச் செர்ரி மரத்தில் கடைந்த கிண்ணம். இரண்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டன.

பேத்திக்குத்தான் எதுவும் அமையவில்லை.

மரக்குதிரையை எடுத்தான், சின்னக் குழந்தை சாமான் என்று வைத்துவிட்டான். வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்தான். எல்லாரிடமும் இருக்கும் என்று வைத்துவிட்டான். போர்வையிடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தான். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் ஓடும் நரியோடு, பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது. விலைச்சீட்டை அவன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவான். மடித்து வைத்துவிடுவான்.

“பிடிச்சிருந்தா எடுத்துக்கோ தம்பி. அந்த நரி கடிக்காது.”

“ரொம்பப் பெரிசாத் தெரியும். ரெண்டு நாள் தங்கறவன் குடுக்கற மாதிரி இருக்கணும்.”

அதுவும் நியாயம்தான். அவளே சொன்னதுதான்.

கடைசியில் சிவப்புக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். நடுத்தர அளவு. வைத்துவிட்டு, போய்ப் பெரிய அளவையும் எடுத்து வந்தான். இரண்டையும் மாறி மாறித் தன் உள்ளங்கைமேல் போட்டுப் பார்த்தான்.

“எங்க வீட்டுக்காரர் என் கல்யாண மோதிரத்தையே பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வந்துட்டாரு,” என்றாள் வெர்னா.

அவன் சிரித்துவிட்டான். நடுத்தர அளவே இருக்கட்டும் என்றான்.

வெர்னாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பக்கத்து ஜாடியிலிருந்து மேப்பிள் மிட்டாய் ஒரு பிடி அள்ளிச் சின்னப் பையில் போட்டு, இதற்குக் காசு வேண்டாம் என்று கையுறையோடு சேர்த்து வைத்தாள்.

அவன் சட்டென்று அந்தப் பையைத் தனியே எடுத்தான்.

“இதுல வால்நட் இருக்கு. அவளுக்கு ஆகாது.”

“பாரேன், அதைக்கூட முன்னாடியே எழுதியிருக்காங்களா!”

“அவங்க எழுதல.” அவன் பையின் வாயைத் திருகிக்கொண்டிருந்தான். “ரெண்டாவது பிறந்தநாளுக்கு நான்தான் கேக்குல போட்டுட்டேன். முகமெல்லாம் வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதும் நான்தான்.”

வெர்னாவின் கை, சுற்றும் தாளின்மேல் அப்படியே நின்றது.

மீதியை அவன் அதிகம் சொல்லவில்லை. அந்த வருஷமே மனைவி குழந்தையோடு ஜப்பானுக்கு, தான் பிறந்த ஊருக்கே போய்விட்டாள். இப்போது குழந்தை வேறொருவரை அப்பா என்று கூப்பிடுகிறது. ஏழு வருஷமாக எழுதிய கடிதங்களுக்கு இந்த ஜனவரியில்தான் தாத்தாவிடமிருந்து ஒரு பதில் வந்தது. வரலாம். இரண்டு நாள் தங்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் விருந்தாளி என்று மட்டும் பேத்தியிடம் சொல்லிக்கொள்கிறோம்.

வெர்னா தாளை ஓரம் ஓரமாக மடித்தாள். ஒரு மூலை நேராக அமையவில்லை என்று அந்தத் தாளையே போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்தாள்.

நாடா கட்டும்போதுதான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ஜப்பானிய மொழி பேச வருமா என்று கேட்டாள்.

“கொஞ்சம் வரும். அவகிட்ட முதல்ல சொல்லவேண்டியதை மட்டும் வண்டி ஓட்டறப்பல்லாம் சொல்லிப் பாத்துக்கறேன். பாதியிலேயே நின்னுபோயிடுது.”

“எங்க, சொல்லு பாப்போம்.”

அவன் நிமிர்ந்து நின்றுகொண்டான்.

“ஹாஜிமேமாஷ்தே.”

முழுதாக வந்துவிட்டது.

“அப்படின்னா என்ன?”

கர்ட்டிஸ் மூன்று பொட்டலங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டான்.

“இதுக்கு முன்னாடி பாத்தே இல்லாதவங்களைப் பாக்கறப்போ சொல்றது.”