வரப்பை வெட்டினவர்

"இவன்தான் மேடம் குழாயை உடைச்சது! சந்தேகமே வேணாம்!"

வாடிப்பட்டிப் பக்கம், மண்ணுக்கடியில் போகும் டீசல் குழாய் உடைந்து, டீசல் வாய்க்கால் வழியாக வைகையில் கலந்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்க வந்த குழாய்க் கம்பெனி அதிகாரி தமிழ்வாணி, ஜீப்பை விட்டு இறங்கக்கூட இல்லை. அதற்குள் வாய்க்காலோர வயல்காரர் மருது ஆரம்பித்துவிட்டார்.

அவர் கை நீட்டிய ஆள், எதிர் வயல்காரர் ஜெயக்கொடி. வேட்டியெல்லாம் டீசல், கையில் மம்பட்டி. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக ஒரு போலீஸ்காரர் வேறு பக்கத்திலேயே நின்றார்.

"விடியக்காலையில மம்பட்டியோட வாய்க்கால்ல நின்னான். தண்ணியவே மறிச்சுத் திருடுற பய, டீசலை விடுவானா?"

"நீங்க என்னங்க சொல்றீங்க?" தமிழ்வாணி ஜெயக்கொடியைக் கேட்டார்.

"வெட்டுனேன் மேடம். ஆனா வரப்பைத்தான்..."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" மருது அந்த மனுஷனைப் பேசவிட்டால்தானே!

தமிழ்வாணி, குழாய்க்காகத் தோண்டியிருந்த குழிக்குள் இறங்கிக் குழாயைத் தடவிப் பார்த்தார். வெல்டிங் வைத்த இடம் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது.

"யாரும் உடைக்கலை. துருதான் காரணம். கவனிக்காம விட்டது எங்க ஆளுங்க தப்பு."

ஆனால் தமிழ்வாணிக்கு ஒன்று புரியவில்லை.

"இம்புட்டு டீசல் கொட்டியிருக்கு. ஆத்துல லேசா படலம் மட்டும்தானே மிதக்குது? மிச்சம் எங்க போச்சு?"

வாய்க்காலோரமாக நடந்தார். கொஞ்ச தூரத்தில் குறுக்கே மண்ணைப் போட்டு அடைத்திருந்தது. பக்கத்திலேயே ஜெயக்கொடியின் வரப்பு வெட்டிக் கிடந்தது.

அம்மாடி! வயல் முழுக்க டீசல். கதிர் வாங்கிய நெல் அத்தனையும் எண்ணெயில் ஊறிச் சாய்ந்திருந்தது. எதிரே மருதுவின் வயல் பச்சைப்பசேல் என்று நின்றது. அதைத் தாண்டி ஆற்றுக்குள் ஊரே குடிக்கிற உறைகிணறு.

மருது தலையில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். தமிழ்வாணி ஜெயக்கொடி பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கிணத்தைக் காப்பாத்தணும்னு மறிச்சீங்க, சரி. ஆனா மருது வயல்தானே பள்ளம்? அந்தப் பக்கம் வெட்டியிருந்தா நொடியில இறங்கியிருக்குமே. மேட்டுல இருக்கிற உங்க வயலுக்கு ஏன் அம்புட்டுச் சிரமப்பட்டுத் திருப்புனீங்க?"

ஜெயக்கொடி தலையைச் சொறிந்தார்.

"அடுத்தவன் வயல்ல விடணும்னா அவனைக் கேக்கணும்ல மேடம்? அதுக்கு ஏது நேரம்? என் வயலுன்னா யாரையும் கேக்க வேண்டியதில்லையே!"