ஏழுக்குக் கீழே

"பதினொன்று புள்ளி இரண்டு."

பல் டொக்டர் ஜெயந்தன் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொன்னபோது, உம்மு குல்சூம் வாயைத் திறந்தபடி கதிரையில் சாய்ந்து கிடந்தாள். மூட மறந்துபோனாள்.

சீனி ஏழுக்குக் கீழே வந்தால்தான் தாடை எலும்பில் ஆணி இறக்கிப் பல் வைப்பேன் என்று அவர் போன மாதமே சொல்லியிருந்தார். சீனி வருத்தக்காரருக்குப் புண் ஆறாது, எலும்பு ஆணியைப் பிடிக்காது.

மேல்வரிசை முன்பல் நாலும் போய் ஒரு வருடம். வேறு யாருக்காவது என்றால் பாண் கடிக்கத்தான் கஷ்டம். உம்மு குல்சூம் புத்தளத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவள். நாக்கு நுனி முன்பல்லைத் தொட்டால்தான் பிறக்கிற அரபு எழுத்துகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் பல்லோடு போய்விட்டன.

பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அவள் ஓதிக்காட்டியபடியே ஓதினார்கள். வாய் நிறையப் பல்லை வைத்துக்கொண்டு இருபத்தாறு பேரும் பொக்கைவாயாகக் காற்று விட்டதைக் கேட்ட மௌலவி, நோன்புக்கு முன் பல் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

கழற்றி மாட்டும் பல்செட்டையும் அவள் வைத்துப் பார்த்தாள். ஒருத்தியை ஏசும்போது அது பாய்ந்து போய் அந்தப் பிள்ளையின் மடியில் விழுந்தது. அன்றைக்கு ஓதல் நடக்கவில்லை.

"மெசின் பிழையா இரிக்கும், டொக்டர்."

"உங்கட பேர், உங்கட அடையாள அட்டை நம்பர், எல்லாம் சரியாத்தான் கிடக்கு அம்மா. மூண்டு மாசமா இந்த உடம்புக்குள்ள என்ன நடந்ததெண்டு ரத்தம் சொல்லும். இப்பிடியே விட்டா பல்லென்ன, காலே போயிடும்."

கால் என்றதும் அவளுக்கு அலீமா ராத்தா நினைவுக்கு வந்தாள்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து சகோதரிகள் மூன்று பேரும் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது, ஆளுக்கு இரண்டாக ஆறு கால்கள் இருந்தன. மூத்தவள் அலீமாவுக்குத்தான் முதலில் சீனி வந்தது. பெருவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால். ஜனாஸா எடுக்கும் முன்பே அவளில் கொஞ்சம் அடக்கமாகியிருந்தது.

ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திருப்பிச் சொல்லாமல் உம்மு குல்சூம் இருந்ததில்லை. இன்றைக்கு டொக்டரின் பிரசங்கம் முழுவதையும் கேட்டாள். பெரியாஸ்பத்திரிக்கு அவர் எழுதித்தந்த துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வந்தாள்.

வாங்கில் தங்கச்சி றைஸா கையில் பலூடாவோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெனடோல் மாத்திரைகூடப் போடாதவள் என்று தன்னைப் பற்றி அவளே ஊருக்குச் சொல்லிக்கொள்வாள்.

"ஆணி எறக்கியாச்சா ராத்தா? ஈயெண்டு காட்டுங்க பாப்பம்!"

உம்மு குல்சூம் காட்டவில்லை. தங்கச்சியின் கையிலிருந்த கிளாசைப் பறித்து, ரோஸ் பாணி, ஜெலி, ஐஸ்கிறீம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொண்டைக்குள் ஊற்றினாள். வழியில் தடுக்கப் பல்லும் இல்லை.

"விசரா ராத்தா ஒங்களுக்கு? சீனிய வெச்சிக்கிட்டு!"

உம்மு குல்சூம் வெறும் கிளாசை வாங்கில் வைத்துவிட்டு, சனத்துக்கு நடுவே நிலத்தில் குந்தினாள். றைஸாவின் செருப்பைக் கழற்றினாள். பெருவிரலிலிருந்து சின்னவிரல்வரை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மற்றக் கால்.

றைஸா கூச்சத்தில் சிரித்துக்கொண்டே காலை இழுத்தாள். உம்மு குல்சூம் விடவில்லை.

தாளில் இருந்தது உம்மு குல்சூமின் பெயர்தான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை இரத்தம் எடுக்கிற இடத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, இரண்டு பேருக்கும் பொருந்துகிற பழைய படம் உள்ள அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, ராத்தாவுக்குப் பதிலாக எழுந்து போனவள் றைஸா.