இங்க அக்கா கிடையாது

ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வந்தபோது பியூலா மாதக்கணக்கில் அழுதாள். பிறகு அழுகையை அடக்கக் கற்றுக்கொண்டாள். அதன்பின் மற்றவர்களின் அழுகையை அடக்கவும். பன்னிரண்டாம் வகுப்பில் அவள்தான் விடுதி லீடர். அவள் உள்ளே வந்தாலே சாப்பாட்டு அறை அமைதியாகிவிடும். அந்த வருடம் அவளுடைய தங்கை ஷைலாவையும் அங்கேயே சேர்த்தார்கள்.

முதல் நாள் மதியம் ஷைலா தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மாட்ட போணும்க்கா" என்று அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்குச் சலுகை காட்டினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? பியூலா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"இங்க அக்கா கிடையாது. லீடர்னு கூப்பிடு. அழுது முடிக்கிற வரைக்கும் வெயில்ல நில்லு."

ஷைலா நெடுநேரம் நின்றாள். அதற்குப் பிறகு அவள் அழவேயில்லை.

அடுத்த மாதம் அம்மா பார்க்க வந்தாள். ஷைலா ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கைகளைப் பின்னால் கட்டி நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கொண்டுவந்த முறுக்கைக்கூட பியூலா தலையசைத்த பிறகுதான் எடுத்தாள்.

"ஏட்டி, ஒரே மாசத்துல உன்ன மாதிரியே ஆக்கிட்டியே!" என்று அம்மா பூரித்துப்போனாள்.

 பியூலா குனிந்து தங்கையின் தோளைத் தொட்டாள். அந்தச் சின்னத் தோள் விறைத்தது.

"நான் அழலியே, லீடர்" என்றாள் ஷைலா, அவசரமாக.