எந்தக் காயில்?

“எவ்ளோ ஆழம் சார்?” என்று கேட்டார் ரவி.

ஹரிபிரசாத் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினான். பிறகு கையை இடுப்புவரை ஏற்றினான். சரியாக நினைவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரவியின் கடை என்பது தரையில் விரித்த ஒரு நீலத் தார்ப்பாய். பழைய மிக்ஸி மோட்டார்கள், ரிமோட்டுகள், வயர் சுருள்கள். அவற்றுக்கு நடுவே மெட்டல் டிடெக்டரில் மாட்டுகிற ‘காயில்’ தட்டுகள் இரண்டு. ஒன்று தோசைக்கல் அளவு. மற்றது கையகலம்.

ஹரியிடம் இருந்த டிடெக்டர் ஆன்லைனில் பழையதாக வாங்கியது. கைப்பிடி நன்றாக இருந்தது, பெட்டியும் நன்றாக இருந்தது. தரையைத் தடவிப் பார்க்கிற அந்த வட்டத் தட்டு மட்டும் விரிசல் விட்டுச் செத்துப் போயிருந்தது. கம்பெனி காயில் வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அவனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை ஜேசிபி வந்துவிடும்.

“ரெண்டும் கம்பெனி சரக்கு இல்ல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பின்னு உங்க மிஷினுக்கு சேரும்” என்றார் ரவி. “சின்னது பொடிப்பொருளக்கூட புடிச்சிரும், ஆழம் போவாது. பெருசு ஆழம் போவும், நெறைய எடத்த சீக்கிரம் பாத்துடும். ஆனா பொடிசா இருந்தா வுட்டுடும்.”

அவன் தேடுவது பொடிப்பொருள். இருப்பதோ ஆழத்தில்.

இரண்டு காயிலையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தான். உள்ளங்கை வியர்த்து பிளாஸ்டிக் வழுக்கியது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவன் மனைவி ஹேமாவதி. காலையிலிருந்து ஆறாவது முறை. அவன் எடுக்கவில்லை.

ரிமோட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் டிடெக்டரைக் கண்டு, “புதையலா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடியே நகர்ந்தார். ஹரி அதைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தான்.

“இன்னா பொருள் சார்? சொன்னாத்தான் எதுன்னு நான் சொல்ல முடியும்.”

“வெள்ளி.”

“சங்கிலியா, வளையமா?”

“வளையம். ரெண்டு.”

ரவியின் முகம் தெளிந்தது. சங்கிலி என்றால் மிஷின் கண்ணி கண்ணியாகப் பார்க்கும், பாதி நேரம் ஊமையாகப் போய்விடும் என்றார். வெள்ளி வளையம் என்றால் நன்றாகக் கத்தும்.

“வாய் மூடுனதா, தொறந்ததா? மூடுனதுன்னா இன்னும் சவுண்டா கத்தும்.”

“தொறந்தது. வளர வளர விரிச்சுக்கலாம்னு கடையில...”

ஹரி அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

ரவி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“எத்தினி நாளு இருந்துச்சு?”

“இருபத்து மூணு.”

முடிச்சூரில், ஏரிக்கரையை ஒட்டிக் குழந்தைகளைப் புதைக்கிற மூலை இப்போது புதிதாக வெட்டப்போகிற கால்வாய்க்குள் போகிறது. எடுக்க வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து வருடம் ஆகிவிட்டது. எலும்பு என்று ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று ஹேமாவதிக்குத் தெரியும். அவள் கேட்டது காப்பை மட்டும்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, குழந்தையின் கையிலிருந்து அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

ரவி சின்னக் காயிலை எடுத்துத் துணியால் துடைத்தார். அவருடைய பேச்சு தணிந்திருந்தது.

“இத எடுத்துக்குங்க. மேல இருந்து காட்டுனா ஒண்ணும் சொல்லாது. ஒரு சாண் மண்ண எடுங்க, காட்டுங்க. இன்னொரு சாண் எடுங்க, காட்டுங்க. பொறுமையாப் போனீங்கன்னா கெடைச்சிரும். பெருசு எடம் தெரியாதவங்களுக்குத்தான்.” அவர் நிமிர்ந்தார். “எடம் தெரியும்ல சார்?”

“தெரியும்” என்றான் ஹரி.

ரவி காயிலைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினார்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தான்.

“கிடைச்சுதாங்க?” என்றாள் ஹேமாவதி. அவள் எங்கோ வெளியே நடந்துகொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது. “ஞாயித்துக்கிழமை நானும் வரேன். நீங்க ஆள் யாரையும் கூப்பிட வேண்டாம். அந்தக் கல்லுக்கு நேர் கீழதானே? கடைசி மண்ணை நானே கையால எடுத்துக்கறேன்.”

“ம்” என்றான்.

“அதுக்கு முன்னாடி யாரும் அங்க கை வச்சிடாம பாத்துக்கங்க.”

“ம்.”

போனைப் பைக்குள் வைத்தபோது ரவி பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஹரி அதை வாங்கவில்லை.

“அண்ணா, பெருசைக் குடுத்துடுங்க.”

ரவி அவனைப் பார்த்தார். சுற்றிய தாளை மெதுவாகப் பிரித்தார்.

ஹேமாவதி பத்து வருடமாகப் பால் ஊற்றுகிற கல், புதைத்தபோது வைத்த கல் இல்லை. முதல் கல்லை அந்த வருட டிசம்பர் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வடிந்த நான்காம் நாள், அவள் வந்து பார்ப்பதற்குள், எந்த அடையாளமும் மிஞ்சாத சேற்றில் வெகுநேரம் நின்றுவிட்டு, இங்கேதான் இருக்கும் என்று தோன்றிய ஓர் இடத்தில் ஹரி வேறொரு கல்லை நட்டிருந்தான்.